பசியில் விளைந்த பனிக்கால விழாக்கள்

இங்கிலாந்தின் குளிர்காலம் என்றவுடன் கணப்படுப்பின் அருகே குடும்பத்தார் கூடியிருக்கும் இல்லமும், நத்தார் மரமும், வெண்பனி போர்த்த வயல்வெளியுமே பலருடைய மனக்கண்ணில் தோன்றும். வாழ்த்து மடல்கள் பரப்பிய அவ்வோவியம் முற்றும் பொய்யன்று. ஆயினும் அது, கணப்படுப்பில் இடுவதற்கு விறகு உடையோரின் ஓவியம். விறகும் வேலையும் அற்றோர் அதே குளிர்காலத்தை எவ்வாறு கழித்தனர் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு ஏடுகளிற் காணப்படுவதிலும் மிகுதியாக, விழாக்களிலும் விளையாட்டுக்களிலுமே பொதிந்து கிடக்கின்றது. அதனை அறிவதற்கு இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள கேம்பிரிட்ஜ்சயர் என்னும் கோட்டத்தைக் காட்டிலும் தக்க இடம் வேறு இல்லை எனலாம்.

கேம்பிரிட்ஜ் என்றால் உலகம் பல்கலைக்கழகத்தையே நினைக்கும். அந்நகருக்கு வடக்கே சில மைல் சென்றால் முற்றிலும் வேறான ஓர் உலகம் விரிகின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் மேடென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கரிய மண்ணும், நேர்கோடாய் ஓடும் கால்வாய்களும், அவற்றின் மேல் கவிந்த அகன்ற வானமுமே உள்ளன. நடுவே ஈலி நகரின் பேராலயம் மட்டும் கடலில் நிற்கும் கப்பலைப்போலப் பல மைலுக்கு அப்பாலும் தோன்றும். ஈலி ஒருகாலத்தில் உண்மையாகவே தீவாக இருந்தது. அதனைச் சூழ்ந்திருந்தது கடலன்று; சதுப்பு நிலம். ஆங்கிலேயர் அதனை ‘பென்’ என்பர்.

அச்சதுப்பில் வாழ்ந்தோர் விலாங்கு மீன் பிடித்தும், காட்டு வாத்துக்களை வலைப்படுத்தியும், கூரை வேயும் நாணலை அறுத்தும், கோடையில் நீர் வடிந்த புற்றரையிற் கால்நடை மேய்த்தும் பிழைத்தனர். ஈரத்தால் வந்த குளிர்க்காய்ச்சல் அவர்களை விட்டு நீங்கியதில்லை. அதன் வேதனையைத் தணிக்கக் கசகசாச் செடியின் காயை அவித்து அருந்தும் வழக்கமும் அவர்களிடையே இருந்தது. வாழ்வு கடினமானதே, எனினும் நீரும் நாணலும் ஊர்ப் பொதுவாய் இருந்தமையால், காணியற்ற ஏழைக்கும் குளிர்காலத்தில் உணவுக்கு ஒரு வழி இருந்தது.

இந்நிலை 17ஆம் நூற்றாண்டில் மாறத் தொடங்கிற்று. 1630ஆம் ஆண்டில் பெட்போர்ட் பிரபு பதின்மூன்று முதலீட்டாளரைத் துணைக்கொண்டு சதுப்பை வடித்து விளைநிலமாக்கும் பணியை மேற்கொண்டார். ஒல்லாந்து நாட்டுப் பொறியியலாளராகிய கோர்னேலியஸ் வெர்முய்டன் அப்பணியை நடத்தினார். 1637இல் பழைய பெட்போர்ட் ஆறு எனப்படும் கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. 1651இல் அதற்கு இணையாகப் புதிய பெட்போர்ட் ஆறு வெட்டப்பட்டது. முந்திய ஆண்டு டன்பார்ப் போரிற் சிறைப்பட்ட ஸ்கொத்லாந்துப் போர்வீரர் பலர் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். மீனையும் புள்ளையும் நாணலையும் இழந்த ஊரவர் கரைகளை உடைத்தும் வேலையாட்களை விரட்டியும் எதிர்த்து நின்றனர். எனினும் பொருளும் அதிகாரமும் உடையோரின் பக்கமே வெற்றி சார்ந்தது.

இரண்டு கால்வாய்களுக்கும் இடையே ஏறத்தாழ இருபது மைல் நீளமும் அரை மைல் அளவு அகலமும் உடைய நிலத்தொடர் ஒன்று விடப்பட்டது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இங்கே பரந்து தங்கும். கோடையில் அது மேய்ச்சல் நிலமாகும். மார்கழி, தை மாதங்களில் இந்நிலத்தின்மேல் நீர் ஓரிரண்டு அடி ஆழத்துக்கே நிற்பதுண்டு. ஆழமற்ற நீர் சில இரவுகளின் குளிரிலேயே உறைந்துவிடும். பனிக்கட்டி உடைந்தாலும் மூழ்கி இறப்பார் அரியர். வெள்ளத்தைத் தாங்குவதற்கென அமைத்த நிலம், அமைத்தவர் எண்ணாத வகையில், ஒரு பெரிய விளையாட்டரங்கமும் ஆயிற்று.

சதுப்பு வயலாகியபோது சதுப்பு மக்கள் கூலியாட்களாயினர். நிலம் இறுகி உறைந்துவிட்டால் ஏரும் ஓடாது, மண்வெட்டியும் இறங்காது. நாட்கூலி பெறுபவனுக்கு வேலையற்ற நாள் ஊதியமற்ற நாளே. முன்னர் களஞ்சியத்திற் கதிரடிக்கும் வேலையேனும் குளிர்காலத்தில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் கதிரடிக்கும் இயந்திரங்கள் பரவியபின் அதுவும் அருகிற்று. 1816ஆம் ஆண்டு மே மாதத்தில், உணவு விலையும் வேலையின்மையும் தாளாமல், லிற்றில்போர்ட் என்னும் ஊரின் மக்கள் கிளர்ந்தெழுந்து ஈலிக்குள் புகுந்தனர். கலகம் அடக்கப்பட்டது, அவ்வாண்டு யூன் 28ஆந் தேதி ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வைவரின் பெயர் பொறித்த கல் ஈலியிலுள்ள தூய மரியாள் ஆலயச் சுவரில் இன்றும் உள்ளது. இப்பகுதியின் பனிக்கால விளையாட்டுக்களை ஆராயப் புகுவோர் முதலிற் காணத்தக்கது அக்கல்லேயாகும். ஏனெனில் அவ்விளையாட்டுக்களின் பின்னணியில் நின்றதும் இதே வறுமைதான்.

சறுக்கோட்டம் சதுப்பு மக்களுக்கு முதலில் விளையாட்டன்று, போக்குவரத்து. ஓடைகள் உறைந்து படகு செல்லாதபோது, காலிற் சறுக்குக்கட்டை பூட்டி ஊருக்கு ஊர் சென்றனர். பழங்காலத்தில் விலங்கின் எலும்பைத் தீட்டிக் காலிற் கட்டினர். பின்னர் வந்த சறுக்குக்கட்டை, மரத்தாலான அடிக்கட்டையில் இரும்புத் தகட்டைப் பதித்து, முன்புறம் வளைத்துச் செய்யப்பட்டது. அதன் பின்புறத்தில் ஒரு திருகாணி இருக்கும். அதனைக் காலணியின் குதிப்பகுதியில் திருகி இறுக்கித் தோல்வாரால் கட்டிக்கொள்வர். ஊர்க் கொல்லன் செய்துதரத்தக்க இக்கருவி கூலியாளுக்கும் எட்டும் விலையினதாக இருந்தது.

உறைபனி சில நாள் நீடித்துவிட்டால் ஊர்தோறும் ஓட்டப்போட்டி நடக்கும். நிலக்கிழாரும் கடைக்காரரும் பணம் திரட்டிப் பரிசு வைப்பர். பதினாறு அல்லது முப்பத்திரண்டு வீரர் பெயர் கொடுப்பர். நேர்கோடாய் 660 யார் நீளத்துக்குப் பனிக்கட்டியைப் பெருக்கித் துப்புரவாக்கி, இரு முனையிலும் பீப்பாய்களை நிறுத்துவர். இருவர் இருவராக ஓடவேண்டும். பீப்பாயைச் சுற்றித் திரும்பி, நான்கு முறை அந்நீளத்தைக் கடந்தால் ஒன்றரை மைல் ஆகும். தோற்றவர் விலக, வென்றவர் மீண்டும் தம்முள் ஓடி, இறுதியில் ஒருவரே எஞ்சுவர்.

பரிசுகளே இப்போட்டியின் இயல்பைப் புலப்படுத்துவன. பணமுடிப்பும் மேலங்கியும் தொப்பியும் வைக்கப்பட்டதுண்டு. ஆட்டுத்தொடை, பன்றியிறைச்சி, கோதுமை மா ஆகியனவும் பரிசாயின. வேலையற்ற கூலியாட்களுக்கென்றே, உணவுப் பொருளைப் பரிசாக வைத்துப் போட்டிகள் நடத்தப்பட்டன. ஒன்றரை மைலின் முடிவில் வீரனை எதிர்பார்த்திருந்தது புகழ் மாத்திரமன்று. அவன் மனைவி அடுப்பில் ஏற்றவேண்டிய பானையுங்கூட. கரையில் நின்று கைதட்டிய கனவான்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஓடியவனுக்கு அது அந்த வாரத்து ஊதியம்.

இவ்வோட்டத்தில் நோர்போக் எல்லையையொட்டிய வெல்னி என்னும் சிற்றூரின் சிமார்ட் குடும்பத்தார் தலைசிறந்து விளங்கினர். வயற் கூலியாளராகிய வில்லியம் சிமார்ட், ‘வான்கோழி’ என்னும் பட்டப்பெயருடன், 1850களின் நடுப்பகுதியிலிருந்து முதன்மை வீரராகத் திகழ்ந்தார். அவருடைய மருமகன் முறையினராகிய ஜோர்ஜ் சிமார்டை மக்கள் ‘மீன்’ என அழைத்தனர். 1878 முதல் 1889 வரை அவரை வெல்வார் இருக்கவில்லை. அவருக்குப்பின் அவர் தம்பி ஜேம்ஸ் அவ்விடத்தைப் பெற்றார். குளிர்காலத்திற் சில நாட்கள் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இவர்களைக் காணக் கரையெங்கும் திரள்வர். சிறப்பு இரயில்களும் ஓடும். உறைபனி உருகியவுடன் வீரன் மீண்டும் மண்வெட்டியுடன் வயலுக்குச் செல்வான்.

1879ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி, கேம்பிரிட்ஜ் நகர மண்டபத்தில், பத்திரிகையாளராகிய ஜேம்ஸ் டிரேக் டிக்பி என்பவரின் முயற்சியால் தேசியச் சறுக்கோட்டச் சங்கம் நிறுவப்பட்டது. பந்தயப் பணத்தால் நேரும் சூழ்ச்சிகளை ஒழித்து, ஓட்டங்களை ஒழுங்கு செய்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வாண்டு டிசெம்பரில் தோர்னி என்னுமிடத்தில் நடந்த முதலாவது முதன்மைப் போட்டியில் ‘மீன்’ சிமார்ட் வென்றார். அனைத்துலகச் சறுக்கோட்டச் சங்கம் 1892இல் தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தோருள் இச்சங்கமும் ஒன்றாகும். இவ்வாறு ஒரு சதுப்பு நிலத்தின் குளிர்கால வழக்கம் உலக விளையாட்டாக உயர்ந்தது.

ஆனால் அவ்வுயர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. பணத்துக்காக ஓடுபவர், பொழுதுபோக்காக ஓடுபவர் என வீரர் இரு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். ஆட்டுத்தொடைக்காகவும் பணமுடிப்புக்காகவும் ஓடிய கூலியாள் முதலாம் வகுப்பினன். வருவாய்க்கு வேறு வழியுடைய கனவான் இரண்டாம் வகுப்பினன். அக்கால விளையாட்டுலகம் பெருமைக்குரியதெனக் கருதியது இரண்டாம் வகுப்பையே. பசியைப் போக்க ஓடிய கால்களே அவ்வோட்டத்தை வளர்த்தன. எனினும் பசித்து ஓடியமையே ஒரு குறையாக எண்ணப்பட்டது.

பனிக்கட்டியின் மேல் வேறொரு விளையாட்டும் வளர்ந்தது. வளைந்த கோலால் பந்தை அடித்து ஓடும் அதனை ‘பாண்டி’ என்பர். பிளண்டிசம், ஏரித் ஆகிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள பரி பென் என்னும் வெள்ளப் புற்றரையே அதன் தாயகங்களுள் தலையாயது. ஆற்றோர மரங்களின் வளைந்த கிளையே கோலாகும். செலவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அவ்வூரினராகிய சார்ல்ஸ் குட்மன் தெபுட் 1882இல் அதற்கு விதிகளை வகுத்து வெளியிட்டார். 1891இல் பரி பென் குழுவினர் ஒல்லாந்தின் ஹார்லெம் நகருக்குச் சென்று ஆடினர். வெர்முய்டன் வந்த நாட்டுக்கு, அவர் வடித்த நிலத்தின் மக்கள் ஒரு விளையாட்டைக் கொண்டு சென்றனர். இன்று சுவீடனிலும் உருசியாவிலும் ‘பாண்டி’ பெருவிளையாட்டாக ஆடப்படுகின்றது.

நிலம் உறையாத ஆண்டுகளிலும் வறுமை வராமல் இருப்பதில்லை. அதற்கு வேறு வழக்கங்கள் இருந்தன. ஜனவரி 6ஆந் தேதி வரும் மூவரசர் திருநாளுக்குப் பிந்திய முதலாவது திங்கட்கிழமையை ‘ஏர்த் திங்கள்’ என்பர். நத்தார் விடுமுறை முடிந்து உழவு வேலை தொடங்கவேண்டிய நாள் அது. இடைக்காலத்தில் இந்நாளையொட்டித் திரட்டிய காசினால் ஆலயத்தில் ஏர் விளக்கு எரிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தில் விளக்கு அணைந்தது; காசு திரட்டும் வழக்கம் அணையவில்லை.

இளைஞர் தாமே எருதுகளாகி ஏரை இழுத்துக்கொண்டு வீடுதோறும் செல்வர். ஒருவன் பெண்வேடம் பூணுவான். பிறர் கனத்த காலணிகளுடன் ஆடுவர். காசு கொடுப்பார்க்கு வாழ்த்து. கொடாதவர் வாயிலின் முன்னுள்ள மண் உழப்பட்டுவிடும் என்னும் அச்சுறுத்தலும் உண்டு. அவர்கள் முகத்திற் கரி பூசிக்கொண்டனர். நாளை வேலை கேட்டு நிற்கவேண்டிய பண்ணையாரின் வாயிலில் இன்று கையேந்தும்போது, தம்மை அவர் அடையாளம் காணலாகாது என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. பிற்காலத்தில் அக்கரிய முகம் பிற இனத்தவரை இழிவுபடுத்துவதாகவும் பொருள் கொள்ளப்பட்டது. அதனால் 2020ஆம் ஆண்டில் அந்நாட்டின் மரபு நடனச் சங்கங்கள் முழு முகத்திலும் கரி பூசுவதைக் கைவிடுமாறு தம் குழுக்களைக் கேட்டுக்கொண்டன. பல குழுக்கள் இப்போது வேறு நிறங்களைப் பூசிக்கொள்கின்றன.

விற்றில்சீ என்னும் சிறு நகரில் ஏர்த் திங்களுக்கு மறுநாள் வேறொரு காட்சி நடைபெறும். ஒருவனுக்குத் தலைமுதல் கால்வரை வைக்கோல் சுற்றிக் கட்டுவர். முகமும் தெரியாது, விரலும் தெரியாது. இன்னொருவன் கயிற்றினாலோ சங்கிலியினாலோ அவனைப் பிடித்துக் கரடியாட்டுவதுபோல வீதிவழியே அழைத்துச் செல்வான். அவ்‘வைக்கோற் கரடி’ வீடுகளின் முன் ஆடும். மக்கள் காசும் உணவும் மதுவும் கொடுப்பர். அதன் தோற்றத்தைப் பண்டைய வழிபாட்டோடு தொடர்புபடுத்துவார் உளர். ஆனால் ஆடியவனுக்கு அதன் பயன் யாது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அறுவடை முடிந்தபின் உழவனிடம் எஞ்சியிருந்தது வைக்கோலே. அதையே உடுத்து அவன் அன்றைய உணவைத் தேடினான்.

1909ஆம் ஆண்டு ஜனவரியில் விற்றில்சீக்குச் சென்ற அறிஞர் ஜி. சி. மூர் சிமித் இக்காட்சியைக் கண்டு, நாட்டார் வழக்காற்றுச் சங்கத்தின் ஏட்டில் ஒரு குறிப்பு எழுதினார். ஊக்கம் மிகுந்த பொலிஸ் அதிகாரி ஒருவர், இஃது ஒருவகை இரத்தல் என்று கருதி வைக்கோற் கரடியைத் தடைசெய்திருந்தார் என்பதையும் அக்குறிப்பு கூறுகின்றது. அக்காலத்தையொட்டி அவ்வழக்கம் வீதியிலிருந்து மறைந்தது. அதிகாரி கூறியது பொய்யன்று, அது இரத்தலே. ஆயினும் இரப்பவன் இரக்கும் நிலைக்கு ஏன் வந்தான் என்னும் கேள்வி அத்தடையுத்தரவில் எழவில்லை. ஆண்டுக்கொருநாள், முகம் மறைத்து, ஆடிப்பாடி, ஊரார் சிரிக்கத் தன் வறுமையைக் கொண்டாட்டமாக மாற்றிக் காட்டும் உரிமை ஏழைக்கு இருந்தது. அவ்வுரிமை அன்று பறிபோயிற்று.

அதன்பின் காலம் மாறிற்று. இரு உலகப் போர்கள் நிகழ்ந்தன. உழவு இயந்திரங்கள் ஏருக்கும் எருதுக்கும் ஓய்வு கொடுத்தன. வேலையற்றோர்க்கு அரசாங்க உதவி ஏற்பட்டது. வீடுவீடாகச் சென்று ஆடவேண்டிய தேவை ஒழிந்தது. தேவை ஒழிந்த பின்னரே 1980ஆம் ஆண்டில் விற்றில்சீச் சங்கத்தார் வைக்கோற் கரடியை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தனர். இன்று ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அக்கரடி ஊர்வலமாக வரும். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நடனக் குழுவினர் அதனைப் பின்தொடர்வர். ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு வந்து கண்டு மகிழ்வர். மறுநாள் வைக்கோல் உடையைத் தீயிலிட்டு எரிப்பர். பசியால் ஆடியபோது தடுக்கப்பட்ட ஆட்டம், பசியற்று ஆடும்போது ஊரின் பெருமையாயிற்று.

இதனைப் போலி என்று ஒதுக்கிவிடலாகாது. மறைந்த வழக்கமொன்றைச் சிலர் அக்கறையோடு மீட்டதனாலேயே அதனை ஆடியோரின் நினைவும் மீண்டது. ஆனால் வைக்கோலின் கீழே ஒருகாலத்தில் யார் இருந்தார் என்பதை மறந்துவிட்டால் மீட்டது உடையை மட்டுமே ஆகும்.

வைக்கோற் கரடியை மீட்டதுபோலச் சறுக்கோட்டத்தை மீட்டல் எளிதன்று. அதற்கு மனிதர் மனம் போதாது, இயற்கையும் இசையவேண்டும். 1962–63ஆம் ஆண்டுக் குளிர்காலம் வாரக்கணக்கில் இறுகி நின்றது. அத்தகைய நீண்ட உறைபனி அதன்பின் அரிதாயிற்று. குளிர்காலங்கள் மிதமாகி வருதலால், சறுக்குக்கட்டைகளைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களும் அங்கே உள. சில இரவுகள் தொடர்ந்து உறைபனி பெய்தால் செய்தி ஊர் ஊராய்ப் பரவும். முதியவரும் சிறுவரும் வெள்ளப் புற்றரைக்கு விரைவர். இன்று அந்நிலத்திற் குளிர்காலத்தில் மக்களை ஈர்ப்பன பெரும்பாலும் அன்னப்பறவைகளே. ஐஸ்லாந்திலிருந்தும் உருசியாவின் வடகோடியிலிருந்தும் ஆயிரக்கணக்கில் அவை வந்து தங்கும் காட்சியை மாலை வேளையில் வெல்னியிற் காணலாம். வடிக்கப்படாத பழைய சதுப்பு எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவோர், தேசிய அறக்கட்டளை 1899 முதல் பேணிவரும் விக்கன் பென்னுக்குச் செல்வர்.

கோட்டத்தின் வடமேற்கே ஹோம் என்னும் ஊரின் அருகில் மரங்களிடையே ஓர் இரும்புத் தூண் நிற்கின்றது. அதன் அண்மையிலேதான் விற்றில்சீ ஏரி இருந்தது. அவ்வேரி உறையும்போது மக்கள் திரள்திரளாக அங்கே சறுக்கி விளையாடினர். 1851ஆம் ஆண்டில், இலண்டன் பெருங்காட்சியில் வைக்கப்பட்டுப் புகழ்பெற்ற நீரிறைக்கும் இயந்திரத்தைக் கொண்டு அது வற்றச் செய்யப்பட்டது. அக்காலத்தில், நிலம் எவ்வளவு தாழும் என்பதை அளப்பதற்காக அத்தூணை மண்ணுட் புதைத்தனர். அதன் உச்சி அன்று நிலமட்டத்தில் இருந்தது. நீரை இழந்த சதுப்பு மண் உலர்ந்து, சுருங்கி, காற்றோடும் போயிற்று. இன்று அத்தூணின் உச்சி ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரத்தில், அண்ணாந்து பார்க்கும்படி நிற்கின்றது. பெரிய பிரித்தானியாவின் மிகத் தாழ்ந்த நிலம் அவ்விடமே.

குளிர்கால விடுமுறையிற் பிள்ளைகளோடு அங்கு வருவோர் தூணின் அருகில் நின்று படம் பிடித்துக்கொள்வர். அத்தூண் காட்டுவது மண் தாழ்ந்த அளவை மட்டுமே. அம்மண்ணில் வேலையின்றி நின்ற மனிதரின் வாழ்வு எவ்வளவு தாழ்ந்தது என்பதை அளக்க எவரும் தூண் நாட்டவில்லை. அதனை அளந்து வைத்திருப்பன, ஒன்றரை மைல் ஓடிப் பெற்ற ஆட்டுத்தொடையும், எருதாகி இழுத்த ஏரும், முகத்தை மறைத்த வைக்கோலுமேயாகும்.